'ஜெபிக்கிறேன்' என்று சொன்ன பிறகு: பிறருக்காக ஜெபிப்பதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்க் கோயிலில் அன்று அசனம், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. நான் குழம்பு வாளியோடு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தி, "வர்ற புதன்கிழமை அவுகளுக்கு பைபாஸ். ஜெபத்துல நினைச்சுக்கோம்மா" என்றார். "கண்டிப்பா ஜெபிக்கிறேன் அக்கா" என்றேன். மனதார, கண் கலங்கித்தான் சொன்னேன். அடுத்த இலையில் குழம்பு கேட்டார்கள், நகர்ந்துவிட்டேன்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது அதே அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ ஜெபிச்சத நான் மறக்கவே மாட்டேன்" என்றார். அவர் கணவர் பக்கத்தில் நின்று சிரித்தார். நான் ஒரு தடவைகூட ஜெபித்திருக்கவில்லை. அசனத்தன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதே அந்தப் புதன்கிழமை என் நினைவை விட்டுப் போய்விட்டது.

அவர்மேல் எனக்கு அன்பு இருந்தது. வாக்கைப் பிடித்து வைக்க எந்த வழியும் செய்யாததுதான் குறை. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, இப்போதும் செய்துவருவதை, இங்கே எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள், அதனால் 'ஜெபம்' என்று எழுதுகிறேன். கத்தோலிக்கர்கள் செபம், மன்றாட்டு என்பார்கள். 'உனக்காக வேண்டிக்கிறேன்' என்று யாருக்காவது சொல்லும் எவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு வசனத்தைப் பார்த்துவிடுவோம். 1 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் சாமுவேலிடம் எங்களுக்காக விண்ணப்பம் செய்யும் என்று கேட்கிறார்கள். அது 19-ஆம் வசனம். ராஜா வேண்டும் என்று அடம்பிடித்து அவர் மனதை நோகடித்த அதே ஜனங்கள்தான். 23-ஆம் வசனத்தில் சாமுவேல் சொல்லும் பதில், உங்களுக்காக விண்ணப்பம் செய்யாமல் விட்டால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவன் ஆவேன் என்பது. தீர்க்கதரிசிகளுக்கான கடமை என்றே அதைப் பல வருடம் வாசித்துவந்தேன். அந்த நள்ளிரவுக்குப் பிறகு அப்படி வாசிக்க முடியவில்லை. கேட்டவர்களுக்கு ஒப்புக்கொண்ட எவருக்கும் அது பொருந்தும்.

1. சொல்வதற்கு முன் அளவு தீர்மானியுங்கள்

தமிழில் 'ஜெபிக்கிறேன்' என்பது வசதியான சொல். இப்போது ஜெபிக்கிறேன், இனிமேல் ஜெபிப்பேன் என்று இரண்டுக்கும் அதுவே. வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட 'வர்றேன்' என்கிறோமே, அந்த மாதிரி. காலம் தெளிவில்லாத வாக்கு எளிதில் காணாமல் போகும். அதனால் நான் சொல்வதை மாற்றிக்கொண்டேன். "புதன்கிழமை ஆபரேஷன் முடியுற வரைக்கும் தினமும் ஜெபிக்கிறேன் அக்கா." "ரிசல்ட் வர்ற வரைக்கும் காலையில ஜெபிக்கிறேன்." இப்படி ஒரு எல்லை வைத்துச் சொன்னால் கேட்பவருக்கும் தைரியம், சொல்பவருக்கும் என்ன பாக்கி என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஆயுள் முழுக்க ஜெபிக்க ஒருவராலும் முடியாது. ஒரே ஒரு முறை, இப்போதே, முழு மனதோடு ஜெபிப்பதும் நிறைவான ஜெபம்தான். அதற்கு மேல் முடியாது என்று தெரிந்தால் அந்த ஒன்றைச் செய்யுங்கள், அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. அந்த இடத்திலேயே ஜெபித்துவிடுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நெகேமியா 2-ஆம் அதிகாரத்தில், உன் விருப்பம் என்ன என்று ராஜா கேட்கிறார். நெகேமியா பதில் சொல்வதற்கு முன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார் என்று இருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், ராஜாவின் முன்னால் நின்றபடியே. கண் மூடியிருப்பாரா என்பதே சந்தேகம். ஜெபத்துக்கு அவ்வளவு நேரம் போதும்.

நேரில் பேசிக்கொண்டிருந்தால், "இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். கட்டாயம் கேட்க வேண்டும். சிலருக்குப் பொது இடத்தில் கூச்சமாக இருக்கும். வேறு மதத்தைச் சேர்ந்த நண்பராக இருந்தால் அவர் சம்மதம் இன்னும் முக்கியம். அனுமதி இல்லாமல் தலையில் கை வைக்காதீர்கள். பஸ் நிறுத்தமோ ஆஸ்பத்திரி வராந்தாவோ, தாழ்ந்த குரல் போதும். நான்கு வாக்கியம் போதும்: அவர் பெயர், என்ன நடக்கப் போகிறது, என்ன வேண்டும், ஆமென். நீட்டி முழக்கினால் பாரத்தோடு நிற்கிறவருக்குக் கால்தான் வலிக்கும்.

போனில் சொன்னால் போனிலேயே ஜெபியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால், தட்டச்சு செய்யும் முன் கண் மூடுங்கள். பிறகு 'ஜெபிக்கிறேன்' என்று எழுதாமல் 'இப்போது ஜெபித்தேன்' என்று எழுதுங்கள். இறந்த காலத்தில் எழுத வேண்டும் என்ற இந்த ஒரு விதி என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. கைகூப்பும் பொம்மையை மட்டும் அனுப்பும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதை அனுப்பியதுமே கடமை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது, ஜெபம் நடப்பதில்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்கு அரை நிமிட ஜெபத்தை வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன், நான் அனுப்பிய ஒன்றை அறையில் தூக்கம் வராத இரவுகளில் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னான்.

3. என்ன வேண்டும் என்று கேளுங்கள்

பர்திமேயு கண் தெரியாதவன் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). நாம் கேட்காமலே தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

"என் பையனுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று ஒரு தாய் சொன்னார். படிப்பு முடித்து வேலை தேடும் பையன் என்பதால் வேலைக்காகவே இரண்டு வாரம் ஜெபித்தேன். பிறகு பேசும்போதுதான் தெரிந்தது, அவன் அப்பாவோடு ஆறு மாதமாகப் பேசுவதில்லை. அந்தத் தாய் ஜெபிக்கச் சொன்னது அதற்காக. அன்றிலிருந்து நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். எதற்காகக் குறிப்பாக ஜெபிக்கணும்? எந்த நாள், எத்தனை மணிக்கு? இதை வேறு யாரிடமாவது சொல்லலாமா? மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விவரம் சொல்ல விருப்பமில்லை என்றால் தோண்டாதீர்கள். "ஒரு பாரம் இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். அந்தப் பாரத்துக்காக ஜெபிக்க விவரம் தேவையில்லை.

4. பெயரை எழுதுங்கள்

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனின் உடையைப் பற்றி விரிவாக வருகிறது. தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பெயர். மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்கள். ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்து போக வேண்டும். ஜனங்களுக்காகத் தேவன்முன் நிற்பதையே வேலையாகக் கொண்ட ஆசாரியனுக்குக்கூட, பெயர்களை நினைவில் வைத்துக்கொள் என்று சொல்லப்படவில்லை. கல்லில் வெட்டிக் கொடுக்கப்பட்டது. நமக்கு ஒரு நோட்டு தேவைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாற்பது பக்க நோட்டு போதும். ஏழு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை எழுதுங்கள். ஒரு கிழமைக்கு நான்கு பெயருக்கு மேல் வேண்டாம். அப்படியே வாரத்துக்கு 28 பேர் ஆகிவிடுகிறார்கள். முப்பது பெயரையும் தினமும் படிக்கிறேன் என்று ஆரம்பித்தால் பத்தாம் நாள் அது வருகைப் பதிவேடு வாசிப்பது போல ஆகிவிடும். நான் அதையும் செய்து பார்த்தேன். பெயர்கள் நாக்கில் ஓடின, ஒரு முகமும் மனதில் வரவில்லை.

பக்கத்தில் நான் எழுதுவது இப்படி இருக்கும்: இடது ஓரத்தில் கேட்ட தேதி. பிறகு பெயர். அதன் எதிரே ஒரே வரியில் அவர் கேட்டது, முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே: 'ஸ்கேன்ல ஒண்ணும் இருக்கக் கூடாது'. கடைசியில் ஒரு காலி இடம். அந்தக் காலி இடம்தான் முக்கியம், அங்கே என்ன நடந்தது என்று பிறகு எழுத வேண்டும். குடும்பச் சண்டை, கடன், குடி, திருமணத்துக்கு வெளியே நடந்த தவறு போன்றவற்றுக்குப் பெயரை எழுதாமல் முதல் எழுத்து மட்டும் போடுங்கள். நோட்டு மேசைமேல் கிடக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் புரட்டுவார்கள்.

ஆபரேஷன், பரீட்சை, நேர்காணல், கோர்ட் வாய்தா மாதிரி நாளும் நேரமும் உள்ளவற்றுக்கு நோட்டு போதாது. போனில் அலாரம் வையுங்கள். அலாரத்துக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் அவர் பெயரைப் போடுங்கள். காலை 8 மணிக்கு ஒருவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது நம் கையில் அவர் பெயர் அதிர்ந்தால், அந்த நேரத்தில் ஜெபிக்காமல் இருக்கவே முடியாது.

5. தினசரி வேலை ஒன்றோடு கட்டுங்கள்

என் பாட்டி உலை வைக்கும் முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும் அரிசி அது. மிசோரம் சபைகளில் 1910 முதல் பெண்கள் இப்படி ஒவ்வொரு வேளையும் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியால் ஊழியங்களையே தாங்கி வருகிறார்கள். பாட்டி அந்த ஒரு பிடியைப் போடும்போது ஒரு பெயரையும் சொல்வார். ஒரு பிடி, ஒரு பெயர். ஜெபத்துக்கென்று அவர் தனியாக நேரம் தேடவில்லை, அரிசி களைவதை ஒருநாளும் மறக்க முடியாது என்பதால் ஜெபமும் மறக்கவில்லை.

அதிகாலை எழுந்து முழங்காலில் நிற்கிறவர்கள் பாக்கியவான்கள். குழந்தையோ ஷிப்ட் வேலையோ இருப்பவர்களுக்கு அது நடக்காது. குக்கர் விசில் வரக் காத்திருக்கும் நேரம், பள்ளி வேனுக்கு வாசலில் நிற்கும் நேரம், துணி காயப்போடும் நேரம், அலுவலகப் பஸ்ஸில் முதல் மூன்று நிறுத்தங்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மாற்றாதீர்கள். படுக்கையில் ஜெபிக்கலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டாவது பெயரிலேயே தூங்கிவிடுவோம்.

6. வார்த்தை வராதபோது

இருதய அறுவை சிகிச்சைக்கு என்ன ஜெபிப்பது? 'சுகமாக்கும் ஆண்டவரே' என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. அப்போது ஒரு சங்கீதத்தை எடுத்துப் பெயரை உள்ளே வையுங்கள். நான் அதிகம் எடுப்பது 121. எட்டே வசனம். உன் காலைத் தள்ளாடவிடமாட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கமாட்டார் என்ற இடங்களில் 'உன்' என்பதற்குப் பதில் அவர் பெயர். ஆஸ்பத்திரியில் இரவு விழித்திருக்கிறவருக்கு 'உறங்காதவர்' என்ற சொல் எவ்வளவு பெரியது என்று, அந்த பெஞ்சில் ஒரு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தையும் இப்படிச் சொல்லலாம். அதில் 'எனக்கு' என்ற சொல்லே இல்லை, எல்லாம் 'எங்களுக்கு'. வேலை போன அண்ணனை நினைத்துக்கொண்டு ஆகாரத்துக்கான வரியைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னும் ஆழமாக ஜெபிக்க விரும்பினால் கொலோசெயர் 1:9 முதல் 11 வரை படியுங்கள். அப்போஸ்தலன் பவுல் கொலோசே ஊர்ச் சபைக்காகக் கேட்பது ஞானம், பொறுமை, பலம். சிறையில் இருந்துகொண்டு, தான் நேரில் பார்த்திராத மக்களுக்காகக் கேட்கிறார். நம் ஜெபக்குறிப்புகளில் வியாதியும் வேலையும் நிறைய இருக்கும், பொறுமை இருக்காது. வியாதியைத் தாங்குகிறவருக்கு ரொம்பத் தேவைப்படுவது அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜெபத்தில் நோயாளி காது கேட்க "இனி மருந்தே வேண்டாம்" என்ற தொனியில் எதையும் சொல்லாதீர்கள். பயத்தில் இருப்பவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.

7. ஜெபக்குறிப்பு ஊர்க்கதை ஆகக் கூடாது

ஒரு பெண்ணுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. அவள் அம்மா ஒருவரிடம் மட்டும் சொன்னார். சாயங்காலத்துக்குள் 'அவசர ஜெபக்குறிப்பு' என்று பெயரோடு குழுவில் வந்துவிட்டது. அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பெண் இரண்டு மாதம் கோயிலுக்கு வரவில்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அனுமதி இல்லாமல் கணவன், மனைவி, போதகர் யாரிடமும் சொல்லக் கூடாது. பலரும் சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்று தோன்றினால், 'ஒரு குடும்பத்தின் தேவைக்காக' என்று போடுங்கள். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

அனுமதி கிடைத்துவிட்டால் சங்கிலி ஜெபம் நல்ல வழி. ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொள்வது. 1727 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் மணிநேரங்களைப் பிரித்துக்கொண்டு ஆரம்பித்த ஜெபம் நூறு வருடத்துக்கு மேல் தொடர்ந்தது. எல்லோரும் எப்போதும் ஜெபிப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை. யார் எந்த மணி என்று பிரித்துக்கொண்டார்கள்.

8. திரும்பப் போய்க் கேளுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஜெபிப்பவர்கள்கூட.

புதன்கிழமை ஆபரேஷன் என்றால் வியாழக்கிழமைக்கு இன்னொரு அலாரம் வையுங்கள். "நேத்து காலையில உங்களுக்காக ஜெபிச்சேன். அண்ணாச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் போதும். நேற்று காலை என்று நேரம் சொல்லிக் கேட்கும்போது, நாம் தனியாக இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. ஐ.சி.யூ. வாசலில் ஒருவர் தாங்கிக்கொண்டு நிற்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

போன இடத்தில் கண்ணில் படுவதையும் செய்யுங்கள். பசியோடிருக்கிற சகோதரனிடம் சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று வெறும் வார்த்தை சொல்வதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார் (2:15, 16). நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள், கூட இருக்கிறவர்தான் டீயும் பன்னுமாக நாளைக் கழிப்பார். ஒரு தூக்குச்சட்டியில் ரசம் சாதம் கொண்டுபோங்கள். ஒரு ராத்திரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் உட்காருங்கள். ரத்தம் தேவை என்றால் கொடுங்கள். ஜெபத்தின் பதிலாக நம்மையே அனுப்பும் ஆண்டவரிடம்தான் ஜெபிக்கிறோம்.

கேட்டது கிடைக்காமல் போகும் நாளும் வரும். தாவீது தன் குழந்தைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்தான், குழந்தை இறந்துபோனது. பவுல் தன் உடலில் முள்ளாகக் குத்திய வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது எடுக்கப்படவில்லை. அப்படியிருக்க, 'விசுவாசம் குறைவு' என்று துக்க வீட்டில் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. போங்கள், உட்காருங்கள், பேசாமல் இருங்கள். பிறகு நோட்டை எடுத்து, கணவரின் பெயர் இருந்த வரிக்குக் கீழே மனைவியின் பெயரை எழுதுங்கள். அடக்க ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் ரயிலேறிய பிறகுதான் அந்த வீடு உண்மையில் காலியாகிறது. அந்த வாரம் போன் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

9. வருடக்கணக்கில் நீளும் ஜெபங்கள்

குடியை விடாத அண்ணன், குழந்தையில்லாத தம்பதி, விசுவாசத்தை விட்டுப்போன பிள்ளை. இவற்றுக்கு எல்லை வைக்க முடியாது. பிரிஸ்டல் நகரில் அனாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேரின் மனந்திரும்புதலுக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் மனந்திரும்ப 18 மாதம், இரண்டாமவருக்கு மேலும் 5 வருடம், மூன்றாமவருக்கு இன்னும் 6 வருடம். மற்ற இருவருக்காக 36 வருடம் கடந்தும் ஜெபித்துக்கொண்டேயிருந்தார். அவர் பட்டியலில் ஐந்தே பெயர்தான் என்பதைக் கவனியுங்கள். நீண்ட ஜெபங்களுக்கு நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர் மட்டும் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் கிறிஸ்துமஸ் நேரத்தில், அவர்களிடமோ வீட்டாரிடமோ கேட்பேன்: "இன்னும் இதுக்காகவே ஜெபிக்கட்டுமா, வேற ஏதாவது இருக்கா?"

10. மறந்துவிட்டால்

மறப்போம். இத்தனை ஏற்பாடும் இருந்தும் மறப்போம். அப்போது இரண்டு காரியம்: நினைவு வந்த அந்த நிமிடமே ஜெபியுங்கள், அப்புறம் உண்மையைச் சொல்லுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். பைபாஸ் முடிந்தவருக்கும் தையல் ஆற வேண்டும், பில் கட்ட வேண்டும், பயம் போக வேண்டும்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஜனவரி இரண்டாம் வாரம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். முறுக்கும் காபியும் வைத்தார். குடித்து முடிக்கும் வரை பேச்சு வரவில்லை. பிறகு, "அக்கா, நான் ஜெபிக்கவே இல்ல. மறந்துட்டேன். நீங்க நன்றி சொன்னது எனக்குச் சேராது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். அண்ணாச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அவுகளுக்கு இப்ப சுகர் ஏறிக் கிடக்கு. கால்ல புண்ணு ஆறல. அதுக்கு ஜெபி" என்றார் அக்கா.

அங்கேயே ஜெபித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் நோட்டு வாங்கினேன். புதன்கிழமைப் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது.